அவசரம்: வாடின பூவை எடுத்துப் போடுறதுக்கு ஒரு சொல் வேணும்

மு. எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். டேலில்லி வளர்ப்பு பத்தின ஒரு கையேடு மொழிபெயர்த்துக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பல்லாண்டுத் தாவரம், பூந்தண்டு, தூர் பிரிச்சு நடுறது இதெல்லாம் சிக்கல் இல்ல, டெட்ஹெட்டிங்ல வந்து மாட்டிக்கிட்டேன். வாடின பூவை விதை கட்டுறதுக்கு முன்னாடியே எடுத்துடுற வேலை. பக்கத்துக்குப் பக்கம் வருது, விளக்கமா எழுத இடம் இல்ல. நேரா 'செத்த தலை எடுத்தல்'னு பெயர்த்தா மந்திரவாதி கையேடு மாதிரி இருக்கு.

ந.:
செடியை வெட்டிவிடுறதுக்குச் சொல்ற கவாத்துன்னே போட்டுட்டுப் போங்க. ரோஜா வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும்.

தி.:
கவாத்து தமிழே இல்லையே ஐயா, போலீஸ்காரங்க மைதானத்துல பண்றதும் கவாத்துதான். பூவுக்கு நிலைக்கு நிலை பேர் வச்ச மொழி நம்மளது: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். செம்மல்னா வாடின பூ. 'செம்மல் களைதல்'. முடிஞ்சுது.

ந.:
பொன்மனச் செம்மல், செக்கிழுத்த செம்மல்னு கேட்டு வளர்ந்தவங்க இதைப் படிச்சா கட்சியில இருந்து யாரையோ தூக்கிட்டாங்கன்னுதான் நினைப்பாங்க.

தி.:
குறிஞ்சிப்பாட்டுல 'சேடல் செம்மல்'னு கபிலரே சொல்றாரு. வாசகருக்குத் தெரியலன்னா தெரிஞ்சுக்கட்டும்.

ந.:
அங்க செம்மல்ங்கறது தனியா ஒரு பூவோட பேரு, வாடின நிலை இல்ல. உங்க சாட்சியே உங்களுக்கு எதிரா பேசுது.

க.:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு சொல்லிக்கிறேன், நான் இந்தச் செடி வளர்க்கிறவ. இதுல ஒரு பூ ஒரு நாள்தான் நிக்கும், ஹெமரோகல்லிஸ்ங்கற இதோட தாவரவியல் பேருக்கே கிரேக்கத்துல ஒரு நாள் அழகுன்னு அர்த்தம். மறுநாள் ஈரத்துணி மாதிரி தொங்கும். அதை இழுத்தா இதழ் மட்டும் கையோட வந்துடும், அடியில பச்சையா ஒரு குமிழ் தங்கிடும், அதுதான் சூலகம். அதையும் சேர்த்து ஒடிச்சாதான் காய் பிடிக்காது, இல்லேன்னா தூருக்குப் போக வேண்டிய சத்து விதைக்குப் போயிடும். நாளைக்கு விரியப்போற மொட்டு பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், அது முறிஞ்சிடாம பாத்து ஒடிக்கணும். தண்டுல இருக்குற மொட்டெல்லாம் பூத்து முடிஞ்ச அப்புறம் தண்டை அடியோட வெட்டலாம், ஆனா பச்சை இலையில கை வைக்கக்கூடாது. கவாத்துன்னு எழுதினீங்கன்னா கத்தரிக்கோலை எடுத்து மொத்தத்தையும் மொட்டையடிச்சிடுவாங்க.

மு.:
ரொம்ப நன்றிம்மா. அப்போ 'பூக்கிள்ளல்'?

ச.:
பூக்கிள்ளலா, பூங்கிள்ளலா? 'பூப்பெயர் முன்இன மென்மையும் தோன்றும்'னு நன்னூல். அந்த உம்மையைக் கவனிங்க, வல்லினமும் வரலாம் மெல்லினமும் வரலாம், பூங்கொடி பூங்காற்று வரிசையில பூங்கிள்ளல்தான் காதுக்கு இதம். தவிர கிளிக்குக் கிள்ளைன்னு பேர் வந்ததே கிள்ளித் தின்னுறதாலதான்னு எனக்கு நெடுநாளா ஒரு எண்ணம், கிள், கீள், கீறு எல்லாம் ஒரே வேர்ல இருந்து கிளைச்சிருக்கணும், இதை விரிவா எழுதுறேன்

மு.:
ஐயா, வெள்ளிக்கிழமை.

க.:
கிள்ளல்ல எனக்கு ஒரு தயக்கம். செவ்வந்திக்கும் துவரைக்கும் பக்கக்கிளை வரணும்னு நுனி கிள்ளுவோம், அது வேற வேலை. வெறும் பூக்கிள்ளல்னா நல்ல பூவையும் கிள்ளிடுவாங்க. 'வாடின'ங்கறது சொல்லுக்குள்ளயே இருந்தா நல்லது.

ந.:
வாடற்பூ கிள்ளல். வாடல் + பூ, இலக்கணமும் ஒத்துக்கும். என் ஓட்டு இதுக்கு. கவாத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்.

ச.:
எனக்கும் சரி, பூங்கிள்ளல் அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்.

மு.:
'வாடற்பூ கிள்ளல்'னே போட்டு அனுப்பிட்டேன். முதல் தடவை வர்ற இடத்துல சூலகத்தோட சேர்த்து ஒடிக்கணும்னு ஒரு வரியும் சேர்த்துட்டேன். எல்லாருக்கும் நன்றி.

தி.:
என் மறுப்பைப் பதிவு பண்ணிக்கோங்க. அதோட, முதல் மடல்ல 'பூந்தண்டு'ன்னு ஒரு சொல் இருக்கு, யாருமே கேக்கல. 'முட்டாள் தாமரை'ன்னு அதே குறிஞ்சிப்பாட்டுல வருது, முள் + தாள், ந. ஐயா அவசரப்பட்டு வேற அர்த்தம் எடுத்துக்க வேண்டாம். தாள், காம்பு, தண்டு மூணுக்கும் என்ன வேறுபாடுன்னு தனி இழை தொடங்குறேன்.