குழந்தைகளோடு ஊட்டி: மலை ரயிலா, பஸ்ஸா?

தண்டையார்பேட்டையிலிருந்து விடுமுறைக்கு ஊட்டி கிளம்புகிறோம். 7 வயதுப் பையன், 3 வயதுப் பெண், கூடவே அத்தை. சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். பையனுக்கு பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட், சின்னவளுக்கு டிக்கெட்டே வேண்டாம். அதுவரை சரி.

அப்புறம்தான் குழப்பம். மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் போல ஆகும். சின்னவள் ஓரிடத்தில் உட்கார மாட்டாள். நடுவில் பாத்ரூம் என்றால் என்ன செய்வீர்கள்? பஸ் சீக்கிரம் போய்விடும். ஆனால் பையன் மணலி பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பவன், கொண்டை ஊசி வளைவுகளில் கேட்கவே வேண்டாம். எலுமிச்சம்பழம் முகரக் கொடுத்தால் போதும் என்கிறார் அத்தை. எனக்கு நம்பிக்கை இல்லை. இட்லி கொடுத்து ஏற்றலாமா, வெறும் வயிறா? சின்னப் பிள்ளைகளோடு போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.