ஜெர்மன் இலக்கணம் வந்துவிட்டது, ஜெர்மானியரோடு பழக வரவில்லை: வகுப்பில் என்ன செய்யலாம்?

ஆர்.கே.புரம் ஆசிரியை (கேள்வி):

தில்லிக் கல்லூரி ஒன்றில் இளங்கலை மாணவர்களுக்கு ஜெர்மன் கற்பிக்கிறேன். பி1 என்னும் இடைநிலைத் தகுதியை நல்ல மதிப்பெண்ணோடு தாண்டுபவர்கள்கூட, ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவரோடு பேச நேர்ந்தால் திணறிவிடுகிறார்கள். கோடைக்காலப் படிப்புக்கு விண்ணப்பித்த மாணவி ஒருத்தி, அங்குள்ள பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தில் நலம் விசாரித்து, தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லி, மூன்றாம் பத்தியில்தான் விஷயத்துக்கே வந்தாள். மொழியில் ஒரு பிழைகூட இல்லை. இரண்டு வரியில் பதில் வந்ததும், அவருக்குத் தன்மேல் கோபம் என்று முடிவுகட்டி, அதற்குமேல் எழுதவே இல்லை.

எங்கள் துறையில் பண்பாடு என்றால் ஆண்டுக்கு ஒருநாள் உணவுத் திருவிழா, சுவரில் ஒரு கோட்டைப் படம், அவ்வளவுதான். வேற்றுப் பண்பாட்டாரோடு பழகும் திறனுக்கு மொழிக்கல்வி அறிஞர் மைக்கேல் பைரம் 1997இல் முன்வைத்த மாதிரியைப் படித்திருக்கிறேன். அறிவு, மனப்பான்மை, பொருள்கொள்ளும் திறன், கண்டறிந்து பழகும் திறன், விமரிசன நோக்கு என அவர் பிரித்துக் காட்டுவது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், பெரும்பாலோர் வெளிநாடே போக வாய்ப்பில்லாத ஒரு வகுப்பில் இவற்றை எப்படி வளர்ப்பது? உள்மதிப்பீட்டில் இதற்கும் மதிப்பெண் கொடுக்கும்படி கேட்கிறார்கள். எதை வைத்துக் கொடுப்பது?

மயூர் விஹார் முதியவர்:

அம்மா, நெடுங்காலம் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். வெளிநாடு போக முடியாதது இதில் பெரிய தடையே இல்லை. இலண்டன் ஈலிங்கில், அன்றைய தேம்ஸ் வேலி பல்கலைக்கழகத்தில், 1990களில் ஒரு திட்டம் நடத்தினார்கள். ஓராண்டு வெளிநாட்டுக்குப் போகவிருந்த மொழி மாணவர்களுக்கு, மானிடவியலாளர் களப்பணி செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்து, புறப்படுவதற்கு முன்பே உள்ளூரில் ஓர் இடத்தைக் கவனித்து எழுதப் பழக்கினார்கள். பழகிய ஊரையே அயலான் கண்ணால் பார்க்கத் தெரியாதவர், அயலூரில் போய் எதைப் பார்த்துவிடப் போகிறார்?

நானும் அதைப் பின்பற்றி மாணவர்களைப் இங்குள்ள பங்ளா சாஹிப் குருத்வாராவின் லங்கருக்கு, அதாவது எல்லோருக்கும் இலவசமாக உணவிடும் பந்திக்கு, அனுப்பியதுண்டு. நோட்டுப் புத்தகத்தில் இடப்பக்கம் கண்டதை மட்டும், வலப்பக்கம் மனத்தில் தோன்றியதை எழுத வேண்டும். நம்மூர்ப் பையன் ஒருவன் இடப்பக்கத்திலேயே, "பிச்சைக்காரர் போலக் கையேந்த வைக்கிறார்கள்" என்று எழுதி வந்தான். அது வலப்பக்கத்துக்கு உரியது என்று சொன்ன பிறகு, "தரையில் வரிசையாக உட்கார்ந்தவர்கள் இரு உள்ளங்கைகளையும் நீட்டி ரொட்டி வாங்கினார்கள்" என்று திருத்தி எழுதினான். அடுத்த முறை போனபோது பரிமாறிய சேவாதார் (தொண்டர்) ஒருவரிடமே கேட்டான். அது பிரசாதம், அதனால்தான் இரு கைகளாலும் வாங்குகிறோம் என்றார் அவர். கோயிலில் நாம் பிரசாதம் வாங்குவதும் கையேந்தித்தானே என்று அவனுக்கே அப்போது உறைத்தது. பைரம் சொல்லும் பொருள்கொள்ளுதலும் கண்டறிதலும் அந்த ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டன. உங்கள் மாணவி அந்த இரண்டு வரிப் பதிலையும் இப்படிப் பிரித்து எழுதிப் பார்த்திருந்தால், கோபம் என்பது எந்தப் பக்கத்துக்குப் போகும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

முனிர்க்கா ஆய்வு மாணவன்:

ஐயா சொன்னதோடு, அந்நாட்டு மாணவர்களையும் எழுத்து வழியாக வகுப்புக்குள் கொண்டுவர வழி உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1997இல் தொடங்கிய 'கல்டூரா' திட்டத்தில், அமெரிக்க மாணவர்களும் பிரெஞ்சு மாணவர்களும் ஒரே வினாத்தாளுக்குத் தனித்தனியே விடையளித்து, பிறகு இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தில் விவாதித்தார்கள். வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் புகுந்தால் என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்விகள். ராஜீவ் சௌக் மெட்ரோவில் தினம் ஏறி இறங்குபவர்களுக்கு இதைப் பற்றி எழுத நிறையவே இருக்கும்.

அதில் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில்தான் எழுதினார்கள். அந்நிய மொழியில் எழுதச் சொன்னால், தெரிந்த சொற்களுக்குள் கருத்தைச் சுருக்கிக்கொள்வார்கள் அல்லவா? ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் இந்தியும் தமிழும் கற்பிக்கப்படுகின்றன. அதற்குத் தில்லியிலும் கிளை அலுவலகம் உண்டு. அங்குள்ள மாணவர்களோடு இப்படி எழுதிப் பழக முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. நேரடிக் காணொலி உரையாடலை மட்டும் முதலிலேயே வைக்காதீர்கள். பருவத்தைப் பொறுத்து மூன்றரை அல்லது நாலரை மணி நேர வித்தியாசம் இருப்பது ஒரு தொல்லை. கூச்சம் அதைவிடப் பெரிய தொல்லை.

கரோல்பாக் வாசகி:

மதிப்பெண் பற்றி நான் மாறுபடுகிறேன். மனப்பான்மைக்கு மதிப்பெண் என்று அறிவித்த நாளிலிருந்து, மாணவர்கள் ஆசிரியருக்குப் பிடித்ததையே எழுதுவார்கள். எல்லோரும் திடீரென்று பெருந்தன்மையாளர் ஆகிவிடுவார்கள். ஐரோப்பியக் கவுன்சில் 2009இல் வெளியிட்ட, பண்பாடுகளுக்கு இடையிலான சந்திப்புகளை மாணவரே எழுதிப் பார்க்கும் தன்வரலாற்றுப் படிவம் உங்களுக்கு உதவும். என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, எதிரில் இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அது படிப்படியாகக் கேட்கிறது. அதைத் திருத்தாமல் மாணவரிடமே விட்டுவிடுங்கள். மயூர் விஹார் ஐயா சொன்ன நோட்டுப் புத்தகத்தில், கண்டதையும் எண்ணியதையும் பிரித்தார்களா, உரியவரிடம் கேட்டுச் சரிபார்த்தார்களா என்பதற்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள்.

பிற பண்பாட்டை ஏற்கும் பக்குவத்துக்கு மில்டன் பென்னெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986இல் மறுப்பு, தற்காப்பு என்று தொடங்கி வகுத்த ஆறு படிநிலைகளை வைத்து மாணவர்களைத் தரம் பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜெர்மன் விருந்தினரிடம் அத்தனை பணிவாகப் பேசும் அதே மாணவன், விடுதி அறையில் மணிப்பூர்த் தோழனின் சமையல் வாசனையைக் கேலி செய்கிறான். இவனை எந்தப் படியில் நிறுத்துவது? வெள்ளைக்காரரிடம் காட்டும் பொறுமை தனித்திறன் அல்ல, பெரும்பாலும் மரியாதைப் பயம்தான். ஆகவே முதல் களப்பணியை விடுதியிலிருந்தே தொடங்கலாம் என்பது என் யோசனை.

ஆர்.கே.புரம் ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. இந்தப் பருவத்தில் நோட்டுப் புத்தகத்தைத் தொடங்கிவிட்டு, ஹைடல்பெர்க் கிளை அலுவலகத்துக்கும் எழுதப்போகிறேன். குருத்வாராவுக்குக் குழுவாகப் போக முன் அனுமதி வேண்டுமா?

மயூர் விஹார் முதியவர்:

லங்கர் எல்லோருக்கும் திறந்ததுதான். ஆனால் வகுப்பு முழுவதையும் ஒரே நாளில் கூட்டிப் போகாதீர்கள். நாலைந்து பேராகப் போகட்டும். தலையை மூட வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். சாப்பிடுபவர்களுக்கு முன்னால் கைப்பேசியையோ நோட்டையோ எடுக்காமல், வெளியே வந்து குளக்கரையில் உட்கார்ந்து எழுதட்டும். முடிந்தால் பரிமாறவும் கொஞ்ச நேரம் கைகொடுக்கட்டும். கேள்வி கேட்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.