டோமினோ விதிகளுக்குத் தமிழ்ச் சொற்கள்: கட்டை, பொட்டு, மிச்சம், பூட்டு

வணக்கம் நண்பர்களே,

டோமினோ என்பது, இரு பாதியிலும் புள்ளிகள் உள்ள துண்டுகளை ஒரே எண் ஒட்டி வரும்படி வரிசையாக வைத்து ஆடும் ஆட்டம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை நீங்கள் சொன்ன சொற்களை வைத்து விதிகளை முழுதாக எழுதிப் பார்த்தேன். சில சொற்கள் நன்றாகவே பொருந்துகின்றன. சில சொற்கள் விதிக்குள் போனதும் இடிக்கின்றன.

ஆட்டத்தின் பெயர் டோமினோ என்றே இருக்கட்டும்; கேரம், ரம்மி எல்லாம் அப்படித்தானே புழங்குகின்றன. கையில் பிடிக்கும் துண்டுக்கு ஓடு, வில்லை, காய் மூன்றும் வந்திருக்கின்றன. காய் என்றால் கட்டம் விட்டுக் கட்டம் நகர வேண்டும். டோமினோவில் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கும். நான் 'கட்டை' என்பேன். தாயக்கட்டை நம் காதுக்குப் பழகியது, உறவும் உண்டு: இரண்டு பகடைகளை உருட்டினால் வரக்கூடிய 21 சேர்க்கைகள்தான் டோமினோவின் அடிப்படை. சீனத் தொகுதியில் அவற்றில் 11 இருமுறை வருவதால் மொத்தம் 32. ஐரோப்பியத் தொகுதியில் ஒரு பக்கமாவது வெறுமையாக இருக்கும் 7 கட்டைகள் கூடுதலாகச் சேர்ந்து 28.

அந்த வெறும் பக்கத்துக்கு 'மொட்டை' என்ற சொல் வந்திருந்தது. கேட்க அழகுதான். ஆனால் ரம்மி ஆடிப் பழகியவர்கள் அதை ஜோக்கர் போல எதனோடும் சேர்க்கப் பார்ப்பார்கள். வழக்கமான ஆட்டத்தில் வெறும் பக்கத்தோடு வெறும் பக்கம்தான் சேரும். அதுவும் ஓர் எண் என்பது தெரிய வேண்டுமானால் 'சுழியம்' தான் சரி.

பெரிய சிக்கல் 'புள்ளி'. கட்டையில் இருப்பதும் புள்ளி, ஆட்டத்தில் எடுப்பதும் புள்ளி. ஐந்தின் மடங்கை எண்ணும் ஆட்டத்தில் இது தாங்காது. வரிசையின் ஒரு முனையில் ஆறும் மறுமுனையில் நான்கும் இருந்தால் கூட்டுத்தொகை பத்து, வைத்தவருக்குப் பத்துப் புள்ளி. இதை எழுதும்போது எந்தப் புள்ளி என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. கட்டையில் இருப்பதைப் 'பொட்டு' என்போம். ஆறு பொட்டு, நாலு பொட்டு, குழந்தைக்கும் புரியும். எடுப்பது மட்டும் புள்ளி.

எல்லோரும் எடுத்தபின் மீதி கிடக்கும் கட்டைகளை ஆங்கிலத்தில் போன்யார்டு என்பார்கள்; அதற்கு 'எலும்புக்காடு' வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டைகளை எலும்பில் செய்த காலத்தின் ஆங்கிலப் பேச்சு அது, நமக்கு ஒட்டாது. 'இருப்பு' நல்ல சொல், ஆனால் அது தேவைப்பட்டால் எடுக்கலாம் என்ற பொருளைத் தருகிறது. இருவர் ஆளுக்கு ஏழு எடுத்து ஆடினால் மீதி 14, அதிலிருந்து எடுக்கலாம். கியூபாவில் ஒன்பது பொட்டு வரை போகும் 55 கட்டைத் தொகுதியில் நால்வர் ஆளுக்குப் பத்து எடுத்தபின் 15 கிடக்கும். அதை யாரும் தொடக்கூடாது. இரண்டுக்கும் பொருந்துவது 'மிச்சம்'.

அப்புறம், யாரும் வைக்க முடியாமல் ஆட்டம் நின்றுபோவது. 28 கட்டைத் தொகுதியில் எந்த எண்ணும் ஏழு கட்டைகளில்தான் இருக்கும். வரிசையின் இரு முனையிலும் மூன்று நிற்கிறது, மூன்று உள்ள ஏழு கட்டைகளும் மேசைக்கு வந்துவிட்டன என்றால் இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. கைதேர்ந்தவர்கள் மேசையில் விழுந்த கட்டைகளை எண்ணிக்கொண்டே ஆடுவது இதற்காகத்தான். கையில் பொட்டு குறைவாக இருந்தால் வேண்டுமென்றே இப்படி முடிப்பார்கள், ஏனென்றால் அப்போது குறைந்த பொட்டு வைத்திருப்பவருக்கே வெற்றி. 'முடக்கம்' என்றால் ஏதோ கோளாறு போலத் தொனிக்கிறது. இது திட்டமிட்ட ஆட்டம். 'பூட்டு' என்று வைக்கலாமா? "பூட்டு விழுந்தது", "மூணுல பூட்டிட்டான்" என்று வாயில் தானாகவே வருகிறது.

இரு பக்கமும் ஒரே எண் உள்ள கட்டைக்கு 'இரட்டை' போதும். இரட்டைப்படையோடு குழம்பாது, இடம் வேறு. ஆனால் முதலில் விழும் இரட்டையின் நான்கு பக்கமும் வரிசை கிளம்பும் ஆட்டங்களில் அதற்கு ஆங்கிலத்தில் ஸ்பின்னர் என்று தனிப்பெயர். 'சந்திக்கட்டை' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.