இங்கிலாந்தில் கடை போட்டவர்களுக்கு: பிசினஸ் ரேட்ஸ் மதிப்பை எதிர்க்கும் தேதிகளை விட்டுவிடாதீர்கள்

மதுரை, திருமங்கலம், மேலூர்ப் பக்கம் இருந்து இங்கிலாந்து போய் மளிகைக் கடை, டிபன் கடை என்று ஆரம்பித்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்காக எழுதுகிறேன். நான் அங்கே பல வருடம் கடைகளுக்குக் கணக்குப் பார்த்துவிட்டு இப்போது திருநகரில் இருக்கிறேன். கிளம்புகிறவர்கள் விசா, வாடகை, லைசென்ஸ் எல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார்கள், கடைக்குக் கட்டும் சொத்து வரியான பிசினஸ் ரேட்ஸ் பற்றி மட்டும் பில் கைக்கு வந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

நம்ம ஊரில் சொத்து வரி கட்டிடக்காரர் பாடு. அங்கே பெரும்பாலும் கடையை நடத்துபவர்தான் கட்ட வேண்டும், வாடகைக்கு இருந்தாலும் சரி. பில் அனுப்புவது கவுன்சில், ஆனால் பில்லுக்கு அடிப்படையான ரேட்டபிள் வேல்யூ என்ற மதிப்பைப் போடுவது வேல்யுவேஷன் ஆபீஸ். மதிப்பு அதிகம் என்று கவுன்சிலில் போய் நின்றால் ஒன்றும் நடக்காது. மாநகராட்சி மண்டல அலுவலகத்திலேயே எல்லாம் முடித்துப் பழகியவர்கள் இங்கேதான் நாளை வீணாக்குகிறார்கள்.

இப்போது தேதிகள். கடைகளின் மதிப்புகள் அடங்கிய 2023 பட்டியலில் உங்கள் மதிப்பை எதிர்த்து 'செக்' (Check, விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லும் முதல் படி) போடக் கடைசி நாள் 2026 மார்ச் 31. புதுப் பட்டியல் 2026 ஏப்ரல் 1 முதல், அதன் மதிப்பு 2024 ஏப்ரல் 1 அன்று அந்தக் கடை என்ன வாடகைக்குப் போயிருக்கும் என்பதை வைத்துப் போடப்படுகிறது. அடுத்த மறுமதிப்பீடு 2029-இல், அதனால் தப்பான மதிப்பைச் சும்மா விட்டால் 3 வருடம் அதையே சுமக்க வேண்டும்.

முதல் படி செக், அதாவது கடையின் அளவு, விவரம் சரியா என்று பார்த்துத் திருத்தச் சொல்வது. அது முடிந்ததும் மதிப்பையே எதிர்க்கும் 'சேலஞ்ச்' போட 4 மாதம்தான். அதன் முடிவும் பிடிக்கவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்கு அப்பீல், அதற்கும் 4 மாதம். சேலஞ்ச் போடும்போதே காரணமும் ஆதாரமும் முழுசாகக் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் கொண்டுவருகிறேன் என்பது செல்லாது. அதனால் செக் போடும் முன்பே வாடகை ஒப்பந்தம், பக்கத்துக் கடைகள் 2024 வாக்கில் என்ன வாடகைக்குப் போயின என்ற விவரம், உங்கள் கடையின் அளவு எல்லாம் கையில் இருக்கட்டும்.

அளவை நீங்களே டேப் பிடித்துப் பாருங்கள். கடைகளுக்கு முன்பக்கத்து முதல் 6.1 மீட்டருக்குத்தான் சதுர மீட்டர் மதிப்பு உச்சம், உள்ளே போகப் போகக் குறையும். மாசி வீதியைப் பார்த்த முகப்புக்கும் பின்னால் இருக்கும் குடோனுக்கும் ஒரே வாடகை யாராவது கேட்பார்களா, அதே கணக்குத்தான். ஸ்டோர் ரூமை விற்பனை இடம் என்று பதிந்திருந்தால் மதிப்பு எகிறிவிடும்.

சின்னக் கடைக்கு இது பெரிய காசு. உங்களுக்கு இருப்பது அந்த ஒரு கடைதான், மதிப்பும் 12,000 பவுண்டுக்குள் என்றால் கட்டவே வேண்டாம், 15,000 வரை சலுகை படிப்படியாகக் குறையும். 13,500 என்றால் பாதி கட்ட வேண்டும், அதை எதிர்த்து 12,000-க்கு இறக்கினால் பில்லே இல்லை. ஆனால் இந்தச் சலுகையைக் கவுன்சிலிடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எதிர்த்திருக்கிறோம் என்று பில்லைக் கட்டாமல் இருக்காதீர்கள், முடிவு வரும்வரை பழைய தொகையைக் கட்டித்தான் ஆக வேண்டும், குறைந்தால் திரும்பக் கிடைக்கும். மதிப்பு ஏறவும் வாய்ப்புண்டு, அதை யோசித்து இறங்குங்கள். செக், சேலஞ்ச் இரண்டையும் ஆன்லைனில் நீங்களே காசில்லாமல் போடலாம். 'நிச்சயம் குறைத்துத் தருகிறேன்' என்று போன் போட்டு முன்பணம் கேட்கும் ஏஜென்ட் எவரிடமும் அவசரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், தமிழில் பேசினாலும் சரி.

நான் சொன்னது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸில் சலுகை வேறு, ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் மதிப்பு போடும் அலுவலகமே வேறு, இந்தத் தேதிகளை அங்கே வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.