வார்டு வேட்பாளராக வாசல்தோறும் நின்றபோது: அனுபவப் பகிர்வு

டெல்டா நகராட்சி, சுயேச்சையாகப் போட்டியிட்டவர்

2022 பிப்ரவரி 19 அன்று நடைபெற்ற நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், தஞ்சை டெல்டாவிலுள்ள சிறிய நகராட்சி ஒன்றில், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டில் சுயேச்சையாக நின்று தோற்றேன். தேர்தலில் நிற்க விரும்பும் பெண்கள் என்னிடம் பெரும்பாலும் செலவைப் பற்றியும் சின்னத்தைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வாசலில் நின்றபோது மக்கள் என்ன கேட்டார்கள், அதற்கு ஒரு வார்டு வேட்பாளர் நேர்மையாக என்ன பதில் சொல்ல முடியும் என்பதைப் பற்றியே விரிவாக எழுத விரும்புகிறேன்.

நகராட்சி வார்டுக்கு வைப்புத்தொகை 2,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. முதல்நிலை, இரண்டாம்நிலை நகராட்சிகளில் வார்டு வேட்பாளர் 34,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். நகராட்சிக்கு வரி பாக்கி இருக்கக் கூடாது என்பதால், வேட்புமனு தாக்கல் நடந்த ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை வரி வசூல் கவுன்ட்டரில்தான் முதல் கூட்டத்தைப் பார்த்தேன். மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளான பிப்ரவரி 7-க்குப் பிறகுதான் சுயேச்சைகளுக்குச் சின்னம் உறுதியாகும். பிப்ரவரி 17 மாலையில் பிரச்சாரம் முடிந்துவிடும். கட்சிச் சின்னத்தைப் பல ஆண்டுகளாகக் கண்டு பழகிய மக்களிடம், நம் சின்னத்தை மனத்தில் பதியவைக்க நமக்குக் கிடைப்பது அந்த இடைவெளி மட்டுமே. எனக்கு வைரம் ஒதுக்கப்பட்டது. துண்டறிக்கையில் கறுப்புக் கோடுகளால் வரைந்திருந்த அந்தப் படத்தை ஒரு பாட்டி கையில் வாங்கி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூக்குத்திக் கல்லா தாயி?" என்று கேட்டார். அன்றிலிருந்து வயதானவர்களிடம் "மூக்குத்திக் கல் சின்னம்" என்றே சொல்லத் தொடங்கினேன், உடனே புரிந்துகொண்டார்கள்.

அந்தத் தேர்தலின் பின்னணியையும் சொல்ல வேண்டும். 2011 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே நகராட்சிகளை நடத்தினார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதே தெரியாமல் மக்கள் அத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறார்கள். ஆகவே நான் வாக்குக் கேட்டுச் சென்ற வாசல்களிலெல்லாம், சேர்த்துவைத்த மனுக்களைக் கொடுக்கக் காத்திருந்தவர்களைப்போல் பேசினார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோனது, பட்டாவில் பெயர் மாறாதது, ரேஷன் அட்டையில் மருமகளைச் சேர்க்காதது, மகனுக்கு வேலை இல்லாதது என்று எல்லாமே வந்தன. இவற்றில் எதுவும் நகராட்சியின் கையில் இல்லை. உதவித்தொகையும் பட்டாவும் வட்டாட்சியர் அலுவலகத்தைச் சேர்ந்தவை. ரேஷன் அட்டை வழங்கல் துறையைச் சேர்ந்தது. குடிநீர், கழிவுநீர், குப்பை, தெருவிளக்கு, சொத்து வரி, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவையே நகராட்சியின் வேலை என்று விளக்கினால், "அப்ப உனக்கு எதுக்கும்மா ஓட்டு?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி எனக்குக் கோபத்தைத் தரவில்லை. நான்கு அலுவலகங்களுக்கு அலைந்து களைத்தவர்களுக்கு எந்தக் கதவு எந்தத் துறைக்குரியது என்பது பொருட்டே அல்ல. தம்மோடு வந்து நிற்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பதுதான் பொருட்டு.

ஒரு சந்திப்பை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். வார்டின் கடைக்கோடியில் உள்ள சந்து ஒன்றில், இட்லிக்கடை நடத்தும் ஓர் அம்மாள் என் துண்டறிக்கையை வாங்கவில்லை. ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த நீளமான மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு, "முதல்ல இதைப் பாருங்க" என்று சாக்கடை ஓரமாக அழைத்துச் சென்றார். தன் வீட்டு முன்னால் குச்சியை இறக்கினார். முழங்கால் அளவுக்கு நனைந்தது. சந்து முனைக்குச் சென்று அங்கே இறக்கினார். நுனி மட்டும்தான் நனைந்தது. வாட்டம் பார்க்காமல் கட்டியதால், தண்ணீர் பெரிய வாய்க்காலில் போய்ச் சேராமல் அவர் வாசலுக்கே திரும்பி வந்து தேங்கியது. தினமும் விடிவதற்குமுன் வாளியால் அதை இறைத்து ஊற்றிவிட்டுத்தான் அவர் அடுப்பைப் பற்றவைக்கிறார். "நீங்க ஜெயிச்சா இதை இடிச்சுட்டு ஒழுங்காக் கட்டித் தருவீங்களா?" என்று கேட்டார்.

பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க வேண்டும், நிதி இருக்க வேண்டும், மன்றத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும், பிறகு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். இத்தனைக்கும் நடுவில் எனக்கு இருப்பது மன்றத்தில் ஒரு குரலும் ஒரு வாக்கும்தான் என்று அவரிடம் சொன்னேன். முதல் கூட்டத்திலேயே இதைப் பேசுவேன், தீர்மானத்தில் சேரும்வரை விடமாட்டேன், ஆனால் எந்த மாதத்தில் முடியும் என்று இப்போது வாக்குக் கொடுக்க முடியாது என்றேன். அவர் குச்சியை உதறிவிட்டு, "வந்தவங்க எல்லாரும் ஒரே மாசத்துல முடிச்சுத் தர்றேன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் தெரியலைங்கிறீங்க" என்றார். அதைப் பாராட்டாகச் சொன்னாரா, குறையாகச் சொன்னாரா என்று அவர் முகத்திலிருந்து கண்டுகொள்ள முடியவில்லை. இன்றும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பிரச்சாரம் ஓய்ந்த பிறகு வந்த இரண்டு இரவுகளில் என் வார்டில் உறைகள் கைமாறின. ஒரு தரப்பு மட்டும் கொடுத்ததென்று சொல்ல இயலாது. எனக்கு நெடுங்காலமாகத் தெரிந்த ஒரு பெரியவர், தயங்காமல் என்னிடமே அதைச் சொன்னார். பணத்தை வாங்கிக்கொண்டு எனக்கே வாக்களிக்கலாம் என்பது அவருடைய எண்ணம். ஆனால் அவர் மனைவி, "கை நீட்டி வாங்கிட்டு மாத்திப் போட்டா சாமிக்கு அடுக்காது" என்று குறுக்கிட்டார். வாக்குக்குப் பணம் வாங்குபவர்கள் நேர்மையற்றவர்கள் என்று வெளியிலிருந்து பேசுவது எளிது. அந்த வீட்டில் நான் கண்டது, கொடுத்த சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்ற நேர்மையையே விலைக்கு வாங்கிய ஏற்பாடு. என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

கொங்குப் பகுதி, விசைத்தறி ஊர், சுயேச்சையாக வென்றவர்

மேலே சகோதரி எழுதியதைப் படித்த பிறகு, வென்றவனுக்கு நேர்ந்ததையும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் வெற்றிக்குப் பேச்சோ பணமோ காரணம் அல்ல. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்ததே காரணம். சட்டமன்றத் தொகுதிப் பட்டியலை வார்டு வாரியாகப் பிரித்துத்தான் உள்ளாட்சிப் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். அப்படிப் பிரிக்கும்போது தெருவின் வடக்குச் சிறகு ஒரு வார்டிலும் தெற்குச் சிறகு அடுத்த வார்டிலும் போய்விடும்; சில வீடுகளில் அப்பாவுக்கு ஒரு வார்டு, மகனுக்கு வேறொரு வார்டு என்றும் அமைந்துவிடும். யார் வெளியூரில் தறி ஓட்டப் போயிருக்கிறார், யார் திருமணமாகிப் போய்விட்டார், எந்தப் பெயருக்கு உரியவர் இறந்துவிட்டார் என்று நானும் என் தம்பியும் ஒவ்வொரு பெயராகக் குறித்தோம். பல வீடுகளில், "எங்க பேரு லிஸ்ட்ல இருக்குதுங்களா?" என்பதே முதல் கேள்வியாக இருந்தது. அதற்கு வரிசை எண்ணுடன் பதில் சொன்ன வேட்பாளரை அவர்கள் மறக்கவில்லை. மாநகராட்சிகளில் 52 சதவீதம் அளவுக்கே வாக்குகள் பதிவான அந்தத் தேர்தலில், நகராட்சிகளில் 68 சதவீதத்துக்கு மேல் பதிவாயின. சிறிய ஊரில் ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு முகம் உண்டு.

மார்ச் 2 அன்று பதவியேற்றோம். நகர்மன்றத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காமல் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் முறை 2019-இல் திரும்பிவிட்டதால், தலைவர் தேர்தல் நடந்த மார்ச் 4 வரை என் தொலைபேசி ஓயவில்லை. யார் எதைச் சொல்லிப் பேசினார்கள் என்பதை எழுதப் போவதில்லை. என் வார்டுக்கு என்ன வேண்டும் என்று ஒரே ஒருவர்தான் கேட்டார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

எனக்கு உண்மையான சோதனை ஏப்ரலில் வந்தது. சொத்து வரிச் சீராய்வை அரசு அறிவித்தது. 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு. தொழிற்கூடங்களுக்கு 75 சதவீதம். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நான்கு தறிகளை ஓட்டுபவருக்கு இது என்ன சுமை என்பதைத் தறிக்காரர் வீட்டில் பிறந்த நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வாக்குக் கேட்டுச் சென்ற எந்த வாசலிலும் வரியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் பேசவில்லை, ஏனெனில் அப்போது அது பேச்சிலேயே இல்லை. ஆனால் வரி உயர்வு வந்து நின்றபோது, "உங்களுக்கு ஓட்டுப் போட்டதுக்கு இதுதானுங்களா?" என்று என்னைத்தான் கேட்டார்கள். மன்றத்தில் எழுந்து எதிர்ப்பைத் தெரிவித்தேன். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் என் பெயருடன் அது ஏறியிருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் சரிபார்த்தேன். தீர்மானம் நிறைவேறிவிட்டது. அந்தக் குறிப்பின் நகலைத் தேநீர்க் கடையில் நாலு பேர் படிக்கக் கொடுத்த பிறகுதான், ஓர் உறுப்பினரின் எல்லை எதுவரை என்று என் தெருவுக்குப் புரிந்தது.

சகோதரி சொன்ன சாக்கடையைப் போன்ற வேலைகளுக்கு, 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தொடங்கிய, வார்டு மக்கள் கூடித் தம் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டங்கள் ஓரளவு பயன்படுகின்றன. மக்கள் வாயால் சொன்னதை அலுவலர் முன்னிலையில் எழுத்தில் ஏற்றிவிட்டால், பிறகு மன்றத்தில் அதைத் தட்டிக்கழிப்பது கடினம். ஆனால் கூட்டத்தை நடத்துவதோடு நின்றுவிடாமல், போன கூட்டத்தில் எழுதியது என்னவாயிற்று என்பதை அடுத்த கூட்டத்தின் தொடக்கத்திலேயே படிக்கச் சொல்ல வேண்டும். மாத மதிப்பூதியம் 2023 ஜூலையிலிருந்துதான் வந்தது. நகராட்சி உறுப்பினருக்கு 5,000 ரூபாய். அதற்கு முன்பு தறி வருமானத்தில்தான் ஓடியது.

தென்மாவட்ட நகராட்சி, கூட்டணிக் கட்சியின் வேட்பாளராக வென்றவர்

இடங்களில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் இருப்பதால்தான் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் நான் வாக்குக் கேட்ட தெருக்களில், பெண்கள் உட்படப் பலர் என் கையிலிருந்த துண்டறிக்கையைப் பார்க்காமல் என் பின்னால் பார்த்து, "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார்கள். கட்சி அச்சடித்த சுவரொட்டியிலும் என் கணவரின் படம் என் படத்தின் அளவிலேயே இருந்தது. வென்ற பிறகும் ஒப்பந்ததாரர்கள் அவருடைய எண்ணுக்கே அழைத்தார்கள். அவர் நல்லவர், "உறுப்பினர் நான் இல்லை, அவங்ககிட்டப் பேசுங்க" என்று ஒவ்வொரு முறையும் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். சில மாதங்களில் அழைப்புகள் நேராக என் எண்ணுக்கு வரத் தொடங்கின. எல்லா வீட்டிலும் இது நடப்பதில்லை. மன்றக் கூட்டத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து செல்லும் சக உறுப்பினர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர் வராத நாளில் குடத்தோடு குழாயடியில் நின்றவர்கள் அவர்கள்தான். எந்த வால்வு எப்போது திறக்கிறது என்பது கணவர்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

டெல்டா நகராட்சி, சுயேச்சையாகப் போட்டியிட்டவர்

சகோதரர் வாக்காளர் பட்டியலைப் பற்றி எழுதியதை நான் முழுமையாக வழிமொழிகிறேன். தேர்தல் செலவுக் கணக்கைப் பற்றித் தனியாகச் சிலர் கேட்டிருந்தார்கள். தோற்றவர்களும் முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் கணக்கைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்தலில் நிற்கத் தகுதி இழக்க நேரிடும். தேநீர்ச் செலவு வரை ரசீதோடு ஒரு நோட்டில் அன்றன்றே எழுதிவிடுங்கள். பிற்பாடு நினைவிலிருந்து எழுத முடியாது.

இட்லிக்கடை அம்மாளின் சாக்கடையைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். வென்ற உறுப்பினரிடம் நானும் அவரும் சேர்ந்தே மனுக் கொடுத்தோம். மதிப்பீடு தயாராகிவிட்டது; நிதி ஒதுக்கீடு இன்னும் வரவில்லை. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் வேலை தொடங்க வேண்டும் என்று ஒவ்வொரு பகுதி சபையிலும் எழுந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.