தோட்ட மோட்டருக்கு ஸ்ரெபிலைசர்: றிலேயா, சேர்வோவா?

பரந்தன்:
ஸ்ரெபிலைசர் (வோல்டேஜைச் சீராக்குற பெட்டி) வாங்க முதல் ரெண்டு இடத்தில வோல்டேஜை அளவுங்கோ: மோட்டர் ஓடேக்க மீற்றர் பலகையில ஒருக்கா, மோட்டர் ரெர்மினலில ஒருக்கா. சப்ளை 230 வோல்ற், கூடக்குறைய 6 வீதம். மீற்றரில 216க்குக் கீழ நிண்டால்தான் லைனில குறை. மிச்சம் வயரில. 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் கிணத்தடிக்கு 100 மீற்றர் போனால், போக வர ஒண்டரை ஓம். 8 அம்பியரில 12 வோல்ற் விழும். ஸ்ராட்டில 40 அம்பியர் இழுத்தால் 60 வோல்ற். மோட்டரின்ர முறுக்குவிசை வோல்டேஜின்ர வர்க்கத்தோட குறையும். 170 வோல்றில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் மிஞ்சும், அதுதான் முனகிக்கொண்டு நிண்டு கொயில் எரியுது. 6 சதுர மில்லிமீற்றர் கேபிள் போட்டால் அந்த 60, 25 ஆகும்.

ஒட்டுசுட்டான்:
அண்ணை சொன்னது சரி. மீற்றரிலயே 180 எண்டால் ஸ்ரெபிலைசர் வேணும்தான், ஆனால் அதை மீற்றர் பக்கம் வையுங்கோ. வெளிய 230இல 8 அம்பியர் குடுக்க, உள்ளுக்கு 180இல பத்து அம்பியருக்குக் கொஞ்சம் மேல இழுக்கும். கிணத்தடியில வைச்சால் அந்தக் கூடுதல் கரண்ட் மெல்லிய வயருக்குள்ளால வந்து இன்னும் விழுத்தும்.

றிலே வகை ரப் (கொயிலில இருந்து எடுத்த இணைப்பு) மாத்தி, படிபடியாப் பாயும். பிறிட்ஜுக்குப் போதும், கரண்ட் திரும்ப வந்தால் 3 நிமிசம் பொறுத்து விடுற டிலே மட்டும் இருக்கவேணும், கொம்பிரசரில காஸ் அழுத்தம் இறங்க. மோட்டருக்கு வைச்சால் ஒவ்வொரு ஸ்ராட்டிலயும் ரப் ஏறி இறங்கும், தொடுமுனை பொறிதட்டிக் கறுத்து ஒட்டிப்போகும். 20 வீதம் கூட்டுற ரப்பில ஒட்டினால் பெரிய ஆபத்து: சாமத்தில லைன் 235க்கு வரேக்க வெளிய 282 வோல்ற். ஹை-கட் (வோல்டேஜ் மிஞ்சினால் தானா வெட்டுறது) இல்லாத பெட்டியை வாங்கவே வேண்டாம்.

முள்ளியவளை:
சேர்வோ சீரா, 1–2 வீதத்துக்குள்ள பிடிக்கும். ஆனால் அதுக்குள்ள இருக்கிற சின்ன மோட்டர் சுத்தித்தான் காபன் பிறஷ் கொயிலில நகரவேணும், அதால ஸ்ராட் விழுகையை அது எட்டிப்பிடிக்காது. எங்கட செம்மண் புழுதிக்கு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மூடியைத் திறவுங்கோ, மெயினைக் கழட்டிப்போட்டு. கொயிலில கறுத்த கோடு கண்டால் மெல்லிய தூரிகையால துடையுங்கோ. பிறஷைப் பெருவிரலால அமத்தினால் ஸ்பிறிங் திருப்பித் தள்ளவேணும். தேய்ஞ்ச பிறஷை விட்டால் பிடியின்ர உலோகம் செப்பைக் கீறி, சுத்துக்கள் ஷோட் ஆகும்.

பரந்தன்:
தம்பி, ஜெனரேற்றரையும் சேருங்கோ. வோல்டேஜ் குறைஞ்சால் உடன ஏ.வி.ஆர் (ஜெனரேற்றரின்ர வோல்டேஜைக் கட்டுப்படுத்துற பலகை) திருகைத் திருப்பாதேங்கோ. முதல் லோட் இல்லாமல் வேகத்தை 51–52 ஹேர்ட்ஸுக்குக் கொண்டுவாங்கோ, பிறகு திருகு. வேகம் குறைய இருக்கேக்க 230க்கு ஏத்தினால் பீல்ட் கொயிலில (காந்தப்புலம் உண்டாக்குற கொயில்) கரண்ட் மிஞ்சிச் சூடேறி எரியும்.