மடக்கு போன் கீலில் நறநற சத்தம்
வணக்கம். என் மடக்கு போனின் கீல் தேய்ந்துகொண்டே வருகிறது. புத்தகம் போல விரியும் ரகம், 2023இல் வாங்கியது, தண்ணீர் தாங்கும் ஐபிஎக்ஸ்8 (IPX8) தரம். அந்த ‘எக்ஸ்’ இருந்தால் தூசுக்கு உத்தரவாதம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கோ தூத்துக்குடி உப்பளத்தில் வேலை.

இரண்டு மாதமாகத் திறக்கும்போது நறநறவென்கிறது. முன்பு பாதி விரித்தால் அப்படியே நிற்கும்; இப்போது தொப்பென்று சாய்கிறது.

மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தேன், ஊதுபந்தால் ஊதினேன். இடுக்கிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தது. சத்தம் இரண்டு நாள் அடங்கி, அப்புறம் திரும்பிவிட்டது. எண்ணெய் விடவில்லை, திரைக்குள் இறங்கிவிடும் என்று பயம். சர்வீஸ் சென்டரில் திரையோடு சேர்த்துத்தான் மாற்றுவார்களாம்; வாரண்டியும் முடிந்துவிட்டது.

திரையை மாற்றாமல் கீலை மட்டும் சுத்தம் செய்து, சரியாக்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?